ஏலத்துக்கு முந்தின இரவு

வீட்டில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது
என்று டாரன் சொல்லியிருந்தான்.
வாங்க வருகிறவர்களுக்கு
இது யாருடைய வீடும் இல்லை என்று தோன்ற வேண்டுமாம்.
திரைச்சீலைகளைத் துவைத்தோம்.
அஞ்சறைப் பெட்டி காரின் டிக்கிக்குப் போனது.
வாடகைக்கு சோபா வந்தது,
வாடகைக்கு எலுமிச்சம்பழங்களும் வந்தன,
கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்பது.
எண்ணித்தான் கொடுத்தார்கள்.

ஐந்து வாரமாகத் தாளிப்பு இல்லை.
ரொட்டி, தயிர்,
ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்துபோகும் சாப்பாடு.

வெள்ளி இரவு ஒன்பதரைக்கு
சுகந்தி டிக்கியைத் திறந்தாள்.
"முறுக்கு சுடப் போறேன்" என்றாள்,
நாளைக்கு மழை என்கிற குரலில்.
"உள்ளே இல்ல. பின்னால."

டார்னீட்டில் காற்றுக்கு எதிரே நிற்க எதுவும் கிடையாது.
மரங்கள் எங்களைவிடப் புதியவை.
பார்பிக்யூவின் பக்க அடுப்பு
மூன்று தரம் அணைந்தது.
முன்பக்கம் போய்
விற்பனைப் பலகையைக் கழற்றிவந்தேன்.
நான்கு படுக்கையறை, இரண்டு குளியலறை,
வளரும் குடும்பத்துக்கு ஏற்றது.
அந்த வரியை இருட்டுப் பக்கம் திருப்பி
அடுப்போரம் நிறுத்தி
முழங்காலால் அணைத்துக்கொண்டேன்.

நாலுக்கு ஒன்று உளுத்தமாவு.
எள், ஓமம், பெருங்காயம் கரைத்த தண்ணீர்.
வெண்ணெய் கூடினால் எண்ணெயில் கரைஞ்சு போயிடும்,
குறைஞ்சால் பல் போயிடும்.
இதை அவள் எனக்குச் சொல்லவில்லை,
மாவுக்குச் சொன்னாள்.
மிளகாய்த்தூள் என் கண்ணுக்குத்தான் வந்தது.

அவளுடைய வலது மணிக்கட்டு
இரண்டாயிரத்துப் பதினாறிலிருந்து எதையும் பிழியாது.
அதனால் பிழிவது நான், திருப்புவது அவள்.
முதல் முறுக்கு விண்டது.
முதலாவது எப்போதும் எண்ணெய்க்கு என்பாள்,
அன்று அதுவும் சொல்லவில்லை.
பிறகு கை பழகிக்கொண்டது:
இரைச்சல் அடங்குகிற நேரத்துக்கு
அவள் கம்பி உள்ளே போகும்,
அதற்குள் நான் கரண்டி முதுகில்
அடுத்த வட்டத்தைச் சுற்றி முடித்திருப்பேன்.
நாற்பது நிமிஷம் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.
இவ்வளவு நன்றாக நாங்கள்
வேறு எதையும் செய்ததில்லை.

வக்கீல் அனுப்பிய எக்ஸெல் தாளில் நாற்பத்தாறு வரிசை.
ஃபிரிட்ஜ் அவளுக்கு. கார் எனக்கு.
ஏணி எனக்கு, ஏன் என்று தெரியவில்லை.
முறுக்கு உரல் அதில் இல்லை.
"உரல் உனக்கு, உலக்கை எனக்கு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"தீயைக் குறை" என்றாள்.

வேலிக்கு மேலே ஒரு தலை. பக்கத்து வீட்டு அபேபே.
பலகையைக் காணோமே, விற்றுவிட்டதா?
இன்னும் இல்லை என்றேன், முழங்காலை அசைக்காமல்.
சுகந்தி பேப்பர் டவலில் இரண்டை நீட்டினாள்.
அவர் கடித்தார். காற்றையும் தாண்டி அது கேட்டது.
"ஆறு வருஷமா என் மனைவியும் நானும்
என்ன வாசனை இது என்று பந்தயம் கட்டியிருக்கோம்" என்றார்.
"ரெண்டு பேருமே தோத்துட்டோம்."

இரண்டு டப்பா எடுத்து வைத்தாள்.
பிஸ்கட் தகரம் ஒன்று, ஐஸ்கிரீம் வாளி ஒன்று.
உனக்கொன்று எனக்கொன்று என்று போட்டுவந்து
கடைசியில் ஒற்றை மிஞ்சியது.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.
பிறகு உள்ளே போய்
எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே அதை வைத்தாள்.

காலையில் டாரன் வந்தான்.
வாசலில் நின்று மூக்கை உயர்த்தினான்,
ஒன்றும் சொல்லாமல் எல்லா ஜன்னலையும் திறந்தான்.
திரும்ப மாட்டிய பலகையில்
எங்கள் படுக்கையறை இருந்த இடத்தில் எண்ணெய்ப் பொட்டு.
தூரத்திலிருந்து பார்த்தால்
உள்ளே விளக்கு எரிகிற மாதிரி.

சமையல் தொட்டியிலிருந்து
சொட்டச் சொட்ட உரலைத் தூக்கி
"இது யாருடையது?" என்றான்.
"அவளுடையது" என்றேன்.
"அவருடையது" என்றாள்.
தெருவில் கார்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன.
அவன் இருவரையும் பார்த்தான்,
பிறகு அதைத் துண்டில் சுற்றித்
தன் காரில் போட்டுக்கொண்டான்.